கூம் கையால் வாங்கிய ப்ராசஸர்

எங்கள் மலையூர் மைதான்பெக்கில் ஜனவரி மாதம் பால்கனிக் கதவை ஆவென்று திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறவன் ஒன்று குடிகாரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஆளாக இருக்க வேண்டும். எங்கள் ஆள் என்றால் கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டிக் கம்ப்யூட்டரை முடுக்குகிற ஆள். அன்றைக்கு வெளியே மைனஸ் பன்னிரண்டு. செம்புச் சுரங்கத்து மலையிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. நாங்கள் மூன்று பேர் ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக ஸ்ரெதென் வீட்டுப் பால்கனியில் குந்திக்கொண்டு, பெட்டியில்லாமல் மேசைமேல் பரத்திப்போட்ட ஒரு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுப்படியிலிருந்து ஸ்ரெதென் பெண்டாட்டி நெவென்கா கத்தினாள்.

"ஊரே ஹீட்டரக் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் கெடக்கு. நீங்க மூணு பேரும் என் வீட்ட ஐஸ்பெட்டி ஆக்குறீங்க. கறி சுருட்டுன சர்மாவ அடுப்புல வச்சு மூணு மணி நேரமாச்சு, முட்டைக்கோஸ் எல வேகவே மாட்டேங்குது!"

"கூமா, கோச்சுக்காதீங்க. ப்ராசஸருக்குச் சூடு ஆகாது" என்றான் புதிமிர்.

"உங்க ப்ராசஸருக்குச் சூடு ஆகாது. என் புள்ளைக்குக் குளிரு ஆகுமாக்கும்? துன்யாவுக்கு மூக்கு ஒழுகி மூணு நாளாச்சு."

"ஒழுகுற மூக்கத் தொடச்சு விடலாம் கூமா. வெந்துபோன ப்ராசஸர என்ன பண்றது?"

அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் சிரித்துவிட்டாள். புதிமிரிடம் யாருக்கும் அதிக நேரம் கோபம் நிற்காது. அப்படி ஒரு வாய் அவனுக்கு.

புதிமிர் அவர்களுக்குக் கூம்; ஆணைக் கூமே, பெண்ணைக் கூமா என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து சாட்சி நின்றவன் அவன்தான். துன்யா பிறந்தபோது தேவாலயத்தில் கையில் ஏந்திப் பெயர் வைத்தவனும் அவன்தான். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பத்து வருஷம் பேசாமல் இருப்பார்கள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கூமோடு பேச்சு முறிந்தவனை மட்டும் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். பஸ் நிலையத்தை ஒட்டிக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான் புதிமிர். ஸ்ரெதென் செம்பு ஆலையில் பதினேழு வருஷமாக லேத் ஓட்டுகிறவன். நான் விதோயே, அவர்களுக்கு மேல் மாடி, பஸ் நிலையத்தில் டிக்கெட் ஜன்னல். எனக்கு இந்த வேலையில் எந்தத் திறமையும் கிடையாது. வேடிக்கை பார்ப்பேன், ராக்கியா என்கிற பழச் சாராயம் ஊற்றுவேன், அவ்வளவுதான்.

அந்த மாதம் எங்கள் விளையாட்டு விளையாட்டாக இல்லை. லேத் பட்டறையை மாதக் கடைசியோடு மூடுவதாக ஆலைச் சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள். வேலை போகிறவர்கள் பட்டியலில் ஸ்ரெதென் பெயர் நான்காவது. அதே வாரத்தில்தான் ஸாயெச்சாரில் நடக்கவிருந்த கம்ப்யூட்டர் முடுக்கும் போட்டி பற்றிச் சேதி வந்தது. ப்ராசஸர் சூட்டைத் தணிக்கும் கூலர் செய்யும் பெல்கிரேட் பட்டறைக்காரர் ததியா நடுவராக வருகிறார். எந்த வகுப்பானாலும் தன் கையால் செய்த கூலரோடு எவன் ஜெயிக்கிறானோ, அவனுக்குத் தன் பட்டறையில் வேலை என்று சொல்லியனுப்பியிருந்தார். நாற்பதை நெருங்குகிற ஒரு டர்னருக்கு இந்த மலையில் வேறு எவன் வேலை தரப்போகிறான்?

வகுப்பு இரண்டு. பெரிய கேச் உள்ள ப்ராசஸர்கள் ஒரு வகுப்பு, சின்ன கேச் உள்ளவை இன்னொன்று. இரண்டுமே டூயல் கோர்தான், கேச் அளவு மட்டும் மெகாபைட், அதாவது எம்பிக் கணக்கில் வேறு. நெவென்காவுக்குப் புரியும்படி ஸ்ரெதென் ஒருமுறை சொன்னான்.

"கேச்சுங்கிறது டர்னர் பக்கத்துல இருக்கிற மேசைன்னு வச்சுக்க. நாலு எம்பின்னா பெரிய மேசை. வேணுங்கிற டூலு எல்லாம் கைக்கெட்டும். ஒரு எம்பின்னா முக்காலி. எதுக்கெடுத்தாலும் ஸ்டோருக்கு எந்திரிச்சுப் போவணும்."

"அப்ப பெரிய மேசைக்காரன்தானே ஜெயிப்பான்?"

"ரெண்டு பேரும் ஒரே வேகத்துல ஓடினா அவன்தான். ஆனா முக்காலிக்காரனுக்கு நல்ல கூலரு மாட்டி ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டினா?"

"ஓடி ஓடிச் செத்துப்போவான்" என்றாள் நெவென்கா. "உன்ன மாதிரி."

ஸ்ரெதெனிடம் நாலு எம்பி ப்ராசஸர் ஒன்று இருந்தது. அதை வைத்துப் பெரிய வகுப்பில் நிற்பதாகத்தான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தான். புதிமிர்தான் மாற்றினான்.

"பெரிசுல பெல்கிரேட் பசங்க பத்துப் பேரு வருவானுங்க கூமே. சின்னதுல நில்லு. அங்கதான் கூலரோட தரம் தெரியும், கை சுத்தம் தெரியும். நான் ஆறு ப்ராசஸர் தர்றேன். ஆறுல நல்லதா ஒண்ணு பொறுக்குவோம்."

ஆறும் ஒரே பெயர், ஒரே கேச், ஒரே வேகம், 1.8 கிகாஹெர்ட்ஸ். ஆனால் ஒரே தோசைக்கல்லில் வார்த்த தோசைகூட ஒன்றைப்போல் ஒன்று வருவதில்லை. எது எவ்வளவு தாங்கும் என்று முடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்னால் மூடியைத் தேய்க்க வேண்டும். ப்ராசஸரின் உலோக மூடி கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும், நிஜத்தில் நடுவில் குழிந்திருக்கும், கூலர் ஒட்டி உட்காராது. கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டு, எட்டு எட்டாகச் சுற்றித் தேய்த்துக்கொண்டே போனால் மேலே இருக்கும் வெள்ளி நிறம் போய் அடியிலிருந்து செம்பு சிரிக்கும். மூடிமேல் அச்சடித்த பெயர், எண் எல்லாம் அதோடு போய்விடும். பிறகு எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் ஸ்ரெதென் டர்னர் புத்தியோடு ஒரு வேலை செய்தான். தேய்த்து முடித்த ஒவ்வொன்றையும் நான்கு மூலையிலும் மைக்ரோமீட்டரால் அளந்தான். அவன் எண்ணைச் சொல்லச் சொல்ல, துன்யாவின் பழைய நோட்டில் புதிமிர் எழுதினான். மில்லிமீட்டரில் நூறில் எத்தனை என்ற கடைசி இரண்டு இலக்கம் மட்டும்.

"ரெண்டாம் நம்பர். பதினெட்டு. பதினேழு. பதினெட்டு. அடடே... நாலாவது மூல ஒம்போது."

"என்ன கூமே, ஒரு மூலைய மட்டும் இப்படித் தின்னுட்ட?"

"மணிக்கட்டு" என்றான் ஸ்ரெதென். ஆலையில் ஒருமுறை லேத் பிடித்து இழுத்து உடைந்த மணிக்கட்டு அது. குளிர் அதிகமானால் ஒரு பக்கமாகச் சாயும். "அன்னைக்கு வலி. மத்த அஞ்சுலயும் பார்த்துப் பண்ணிட்டேன்."

அந்த மூலை தின்ற இரண்டாம் எண்தான் எங்களுக்கு அடித்த யோகம். பால்கனியில் வைத்து ஏற்றினான். 2.7-இல் தாக்குப்பிடித்தது. 3-இல் தாக்குப்பிடித்தது. நான்காம் எண் 3.1-ஐத் தாண்டாமல் நாக்கைத் தள்ளியிருந்தது. இது 3.4-இல் சிணுங்கக்கூட இல்லை. ஸ்ரெதென் தன் கையால் கடைந்த செம்புக் கூலரை விரலால் தொட்டுப் பார்த்தான், வோல்ட்டைக் கொஞ்சம் கூட்டினான், 3.6 வைத்தான். பை எண்ணைப் பத்து லட்சம் இலக்கம் வரை போடும் சோதனையை ஓட்டினான். பதினெட்டு வினாடிக்குள் முடித்துவிட்டது. நாலு எம்பி அண்ணாச்சி முடுக்காமல் ஓடினால் இருபத்தொரு வினாடி எடுப்பார்!

புதிமிர் எழுந்து ஸ்ரெதெனைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தான். "ரெண்டு மடங்குடா கூமே! ரெண்டு மடங்கு! பெல்கிரேட்டுக்கு மூட்டையக் கட்டு!"

நெவென்கா வாசற்படியில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நெசமாவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உள்ளே போய் அழுதாள், அது எனக்குக் கேட்டது.

ப்ராசஸரைப் புதிமிர் கடை மேசை டிராயரில் பூட்டி வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. வீட்டில் சமையல் ஆவி, குழந்தை நடமாட்டம். கடை காய்ந்த இடம். யாருக்கும் இதில் ஒரு சந்தேகமும் தோன்றவில்லை. மற்ற ஐந்தையும் வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டதாகக் ஜனவரி ஏழு, எங்கள் பக்கத்துக் கிறிஸ்துமஸ் அன்றைக்குச் சொன்னான்.

போட்டி சனிக்கிழமை. ஸாயெச்சார் கலாசாரக் கூடத்தில் நீள மேசைகள் போட்டு, இரண்டு பக்கமும் இயந்திரங்கள், ஒயர், ஃபேன் இரைச்சல். கூடத்து வாசலில் புதிமிர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினான். பஞ்சு வைத்து, கைக்குட்டை சுற்றி, பிரசாதம் மாதிரி. ஸ்ரெதென் இரண்டு கையாலும் வாங்கினான். அவன் கோட்டுப் பையில் மைக்ரோமீட்டர் இருந்தது. அது எப்போதும் இருக்கும், தூங்கும்போதுதான் கழற்றுவான் என்று நெவென்கா கேலி செய்வாள். நான் சும்மா இருக்கமாட்டாமல் சொன்னேன்:

"என்ன ஸ்ரெதென், அளக்கலயா? கடையில ரொட்டி வாங்கினாலே அளக்குற ஆளாச்சே நீ!"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாயக் கழுவு விதோயே. கூம் கையால குடுத்தத அளக்குறதா? என்ன பேச்சு இது?"

புதிமிர் சிரித்தான். "விடு கூமே, இவன் டிக்கெட்டு கிழிக்கிற ஆளு. இவனுக்கு என்ன தெரியும்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

இயந்திரம் 3-இல் ஓடியது. 3.1-இல் ஓடியது. 3.2 வைத்ததும் திரை உறைந்து நின்றது. ஸ்ரெதென் கூலரைக் கழற்றி, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்து, மறுபடி பூசி, மறுபடி மாட்டினான். உறைந்தது. திருகுகளைத் தளர்த்தி இறுக்கினான். ஜன்னலைத் திறக்கச் சொன்னான். அத்தனை குளிரிலும் அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. கேச் அளவு திரையில் தெரிகிறது, ஒரு எம்பி. பெயர் தெரிகிறது, அதே பெயர். சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை. வேறு ரகத்தைப் போட்டிருந்தால் திரையே காட்டிக்கொடுத்திருக்கும்.

"என் கூலரு சரியில்ல" என்றான். "வழியில ஆட்டம் கண்டிருக்கும். இல்லன்னா நான்தான் மூடியக் கோணலாத் தேச்சுட்டேன். அந்த மூலை... அந்த மூலையாலதான்."

"வோல்ட்ட ஏத்து கூமே" என்றான் புதிமிர். "நேரம் போகுது."

ஏற்றினான். இன்னும் கொஞ்சம் ஏற்றினான். திரை ஒரேயடியாகக் கறுத்துப்போனது. பொசுங்கல் வாடை லேசாக வந்தது. எதிர் மேசையில் கைதட்டினார்கள். நெகோதின் ஊர் மொத்த வியாபாரியின் மருமகன், தாடி வைத்த ஒரு பையன், சின்ன வகுப்பில் 3.6 எட்டிவிட்டான். அவனுக்கும் செம்புக் கூலர்தான், பொறியியல் கல்லூரி லேத்தில் கடைந்ததாம். புதிமிருக்குச் சரக்கு வருவதே அந்த மொத்த வியாபாரியிடமிருந்துதான். அதை அப்போது யார் நினைத்தது? ததியா அந்தப் பையனோடு கைகுலுக்கினார். ஸ்ரெதென் மேசைக்கும் வந்து, கூலரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு. ஆனா ஓடணுமே" என்று வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் புதிமிர் இல்லை. நெகோதினில் சரக்கு விஷயமாக வேலை என்றான். ஸ்ரெதென் வழி நெடுக வலது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை ஆலையில் வேலை முடிந்ததற்கான தாளில் கையெழுத்துப் போட்டான். நெவென்கா ஏதாவது கேட்டிருந்தாலாவது தேவலை. வீட்டில் பால்கனிக் கதவு மூடியே கிடந்தது, சர்மா நன்றாக வெந்தது, யாரும் அதைச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து நான் எட்டிப் பார்த்தபோது ஸ்ரெதென் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தச் செத்த ப்ராசஸரை வைத்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு கோணலாத் தேச்சிருக்கேன்னு பார்க்கப்போறேன்" என்றான். "தப்பு எத்தனைன்னு தெரியணும். தெரிஞ்சாத்தான் தூக்கம் வரும்."

மைக்ரோமீட்டரை முதல் மூலையில் வைத்தான். பதினெட்டு. அடுத்தது பதினேழு. அடுத்தது பதினேழு. நான்காவது மூலையில் வைத்துத் திருகினான், குனிந்து பார்த்தான்.

"என்ன?"

மைக்ரோமீட்டரைத் துடைத்து, வெறுமனே மூடிப் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். சரியாக இருந்தது. மறுபடி அந்த மூலையை அளந்தான். மறுபடி துடைத்து மூடிப் பூஜ்யம் பார்த்தான். மூன்று தடவை. கருவி பொய் சொல்ல வேண்டும் என்று அவன் கும்பிட்டுக் கேட்பது போலிருந்தது எனக்கு.

"பதினாறு" என்றான் கடைசியில்.

"ஒம்போதுல்ல இருக்கணும்?"

நோட்டை என்னிடம் தள்ளினான். புதிமிரின் உருண்டை உருண்டையான கையெழுத்து. நான்காம் எண்: பதினெட்டு, பதினேழு, பதினேழு, பதினாறு.

"நாலாம் நம்பர வித்துட்டேன்னானே" என்றேன்.

அடுப்படி வாசலில் நெவென்கா நின்றிருந்தாள். "பாவி" என்றாள். "என் பொண்ணத் தூக்கிப் பேரு வச்ச கை. அடப்பாவி!"

"தப்பா மாறியிருக்கும்" என்றான் ஸ்ரெதென். "மேசை டிராயர்ல ரெண்டும் கெடந்து மாறியிருக்கும். கேட்டாத் தெரியும். ஞாயித்துக்கெழம வருவான்ல."

ஞாயிற்றுக்கிழமை புனித யோவான் நாள், ஸ்ரெதென் வீட்டு ஸ்லாவா, அதாவது குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு எடுக்கும் பண்டிகை. கூம் உறவுக்கே காவல் அந்த யோவான்தான். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. புதிமிர் வந்தான். நல்ல ஒயினும் துன்யாவுக்குப் பெரிய சாக்லேட் பெட்டியும் கொண்டுவந்தான். நெவென்கா தட்டில் வைத்து நீட்டிய இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டான்.

ஸ்ரெதென் அவனுக்கு ராக்கியா ஊற்றினான். பிறகு மேசை விரிப்பின்மேல் ப்ராசஸரையும் மைக்ரோமீட்டரையும் வைத்தான்.

"கூமே, எனக்குக் கண்ணு சரியில்ல போல. இந்த நாலாவது மூலைய நீ கொஞ்சம் அளந்து சொல்லு."

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குக் கூமே இதெல்லாம்? செத்துப்போனதப் போயி..."

"சொல்லேன்."

அவன் எடுத்தான், திருகினான், வெளிச்சத்தில் பிடித்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால்தான் இருந்தேன். கோடு பதினாறில் நின்றது. கண்ணாடி போடாத எனக்கே தெரிந்தது.

"ஒம்போது" என்றான் புதிமிர்.

தவறுதலாக மாறியிருந்தால் "பதினாறு, அட, இது எப்படி?" என்று கேட்டிருப்பான். அந்த ஒரு வழியைத்தான் ஸ்ரெதென் அவனுக்காக இரண்டு நாளாகத் திறந்து வைத்திருந்தான். அதையும் அவனே சாத்திக்கொண்டான்.

"சின்ன வகுப்புல நில்லுன்னு சொன்னியே" என்றான் ஸ்ரெதென் மெதுவாக. "அப்பவே முடிவு பண்ணிட்டியா? இல்ல, அப்புறமா?"

"என்ன உளர்ற நீ?"

"அது ஒண்ணு மட்டும் சொல்லிரு கூமே. பால்கனியில எனக்கு முத்தம் குடுத்தியே. அது நெசமா, இல்ல அப்பவேயா?"

புதிமிரின் காது மடல் சிவந்தது. டம்ளரை எடுத்தான், வைத்தான். "ரெண்டாம் நம்பரு ஓடின சேதி கேட்டு நெகோதின்காரன் மருமகனுக்குக் கேட்டான். அவன் சரக்க நிறுத்திட்டாக் கடைய மூடணும். எனக்கும் வயிறு இருக்குல்ல? உனக்கு இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம். ஒரு ப்ராசஸர்டா அது, உள்ளங்கை அகலம் இல்ல!"

"அப்ப, அப்புறமாத்தான்" என்றான் ஸ்ரெதென். அதில் அவனுக்கு ஏதோ ஆறுதல் இருந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டான்.

பண்டிகை ரொட்டியை வீட்டுக்காரரும் கூமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றி உடைப்பது வழக்கம். பன்னிரண்டு வருஷமாக அவர்கள் இரண்டு பேரும்தான் உடைத்தார்கள். ஸ்ரெதென் ரொட்டியை எடுத்தான். புதிமிர் பாதி எழுந்தான்.

"விதோயே, நீ வா" என்றான் ஸ்ரெதென்.

பிடித்தேன். எனக்குப் பழக்கமில்லாததில் ரொட்டி கோணலாக உடைந்தது. புதிமிர் உட்கார்ந்தான். நெவென்கா அவனுக்கு எல்லாம் பரிமாறினாள். சூப், சர்மா, பன்றி வறுவல், கேக், ஒன்றையும் குறைக்கவில்லை. அவனும் எல்லாவற்றையும் தின்றான். ஸ்லாவாவில் வேறு என்ன செய்ய முடியும்? போகும்போது, எல்லா விருந்தாளிகளுக்கும் கொடுப்பது போல அவனுக்கும் காகிதத்தில் கேக் மடித்துக் கொடுத்தாள். கையில் கொடுக்காமல் மேசை ஓரத்தில் வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டு போனான்.

பிப்ரவரியில் ஒரு காலை ஸ்ரெதென் என் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தான். தோளில் ஒரு பை. பெல்கிரேட்டில் எந்தப் பட்டறையிலாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றான். இருபது வருஷமாக நான் கொடுக்கும் டிக்கெட்டை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படியே சட்டைப்பையில் செருகிக்கொண்டு என்னைக் கேலி செய்துவிட்டுப் போவான்.

அன்றைக்கு வாங்கி, வெளிச்சம் இருக்கிற பக்கமாக நகர்ந்து நின்று படித்தான். தேதி. நேரம். ஊர்ப் பெயர். இருக்கை எண். ஒவ்வொன்றாக, விரலை வைத்து.

"ஸ்ரெதென், நான்டா" என்றேன். "விதோயேடா."

"தெரியும்" என்றான். பின்பக்கம் திருப்பி, அங்கேயும் படித்தான்.